நல்ல ரத்தம்

"உள்ள போனதும் நீ வாயத் தொறக்கக் கூடாது, சொல்லிட்டேன்." டாக்டர் அறைக்கு வெளியே, ரத்த ரிப்போர்ட்டை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டே சொன்னார் என் வீட்டுக்காரர். சி.ஆர்.பி. நார்மல். உடம்புக்குள் எங்காவது அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறிக் காட்டிக்கொடுக்கிற சமாச்சாரம் அது. இவருக்குச் சிறுகுடலில் குரோன் நோய். புண் ஆறும், மறுபடி வரும். இப்போது ரத்தமே நல்ல பிள்ளை என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டதாம், பெண்டாட்டி எதற்கு நடுவில்?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று சாப்பிட உட்கார்ந்தவர் நாலு வாய் போவதற்குள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்டால் "வாயுடி." எல்லாவற்றுக்கும் வாயுதான். அந்த வாயு இவரை இளைக்க வைத்து, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வைத்திருக்கிறது.

இவருக்கு வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து, வேலைக்குத் தகுதி என்று. கிடைத்தால் திங்கட்கிழமையே பழையபடி டவர் கிரேன் ஓட்ட மேலே ஏறிவிடுவார். நோய் வந்ததும் கம்பெனியில் கீழே குடோனில் உட்கார வைத்ததிலிருந்து மனுஷன் பாதியாகிவிட்டார், அதுவும் உண்மைதான். மேலே போனால்தான் அவருக்கு மூச்சே வரும். ஆனால் மேலே தனி ஆள். இரும்புக் கட்டு அந்தரத்தில் தொங்கும்போது குடல் முறுக்கினால், கீழே நிற்கிறவன் உயிருக்கு யார் பொறுப்பு? அவனுக்கும் வீட்டில் என்னைப் போல் ஒருத்தி இருப்பாள்தானே.

டாக்டர் சின்னப் பெண். ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தாள்.

"ரத்தம் நல்லாத்தான் இருக்கு. ஆனா சிறுகுடல்ல மட்டும் நோய் இருக்கிற சில பேருக்கு, உள்ள புண் இருந்தாலும் ரத்தத்துல காட்டாது. ஸ்கேன் பாக்கணுமான்னு யோசிக்கிறேன். வலி இருக்கா?"

"வலியா? கல்லைத் தின்னாலும் செரிக்குது டாக்டர்."

அடப்பாவி மனுஷா!

படுக்க வைத்தாள். வலது அடிவயிற்றில் கையை வைத்து அமுக்கினாள். "இங்க?"

"கூசுது டாக்டர்." சிரித்தார். அழகாகவே சிரித்தார். டாக்டர் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். காலுறைக்குள் அவர் விரல்கள் சுருண்டு கிடந்தன.

"நீங்க சொல்லுங்கம்மா. வீட்டுல எப்படி இருக்காரு?"

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். முறைத்திருந்தால் அப்போதே கொட்டித் தீர்த்திருப்பேன். முறைக்கவில்லை, கெஞ்சினார். கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் என்னிடம் கெஞ்சாதவர். நன்றாகத்தான் இருக்கிறார் என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. சொல்லிவிட்டால் சாயங்காலம் வீடே கலகலவென்று இருக்கும்.

"இன்னொரு தடவை அமுக்குங்க டாக்டர்," என்றேன். "மூஞ்சிய பாக்காதீங்க. இங்க பாருங்க."

காலுறைகளை உருவினேன். "ஏன்டி…" என்றார். டாக்டரின் கை இறங்கியது. அவர் கால்விரல் பத்தும் உள்ளுக்கு மடங்கி வெளுத்துப்போயின. நான் பாதத்தைப் பிடித்தேன். உதறுவார் என்று நினைத்தேன். உதறவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கால்விரல்களால் என் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டார்.