மாதிரிக்கு ஒரு செய்திக்குறிப்பு

மணிமொழி வேலைக்குப் போன முதல் நாள் பௌர்ணமி. நாள் பார்த்தது அவள் அப்பா தருமன். கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் இட்லிக்கடை வைத்திருப்பவருக்குப் பௌர்ணமியன்று மூச்சுவிட நேரமிருக்காது. அந்த ஒரு நாள் வியாபாரம்தான் மாதம் முழுக்கக் குடும்பத்தைத் தாங்கும். ஆனாலும் மகளுக்கு அதுதான் நல்ல நாள் என்று ஒற்றைக்காலில் நின்றார். இட்லியும் சட்னியும் பொட்டலம் கட்டிக் கொடுத்து, "ஆபீஸ்ல எல்லாருக்கும் குடு. நம்ம கடைனு மட்டும் சொல்லாத. இட்லிக்கடைக்காரன் பொண்ணுனா ஒரு மாதிரி பாப்பாங்க" என்று அனுப்பிவைத்தார்.

வேங்கிக்கால் பகுதியில் ஒரு மாடியில் இருந்தது அந்த மக்கள் தொடர்பு நிறுவனம். பணம் கொடுக்கிறவர்களைப் பற்றி ஊர் நல்லபடியாகப் பேசும்படி பார்த்துக்கொள்வது அதன் தொழில். அங்கே மூன்று மாதம் பயிற்சி. முதலாளி அருள்ராஜ் தங்கமான மனுஷர், குரலே உயராது. இரண்டு இட்லி போதும் என்று ஆரம்பித்தவர் பொட்டலத்தையே காலி செய்தார்.

"வீட்டுல செஞ்சதாம்மா? பஞ்சு மாதிரி இருக்குது."

"ஆமா சார்" என்றாள். அவர் சந்தோஷமாகக் கையைத் துடைத்துக்கொண்டு, நிருபர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அவளையும் சேர்த்துவிட்டார்.

மதியம் அவருக்கு ஒரு போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"மணிமொழி, மாதிரிக்கு ஒண்ணு எழுதிக் காட்டு. நம்ம கிளையன்ட் மனை விக்கிறவரு. கிரிவலப் பாதைல அன்னதானம் போட்டாரு. சாப்ட்டவங்கள்ல சில பேருக்கு வாந்தி. தப்பு அவருமேல இல்லைனு ஒரு செய்திக்குறிப்பு. உன் கை எப்டினு பாக்கலாம்."

கல்லூரியிலும் இப்படித்தான் கற்பனையாக ஏதாவது சொல்லி எழுதச் சொல்வார்கள். இதுவும் பரீட்சை என்றே எடுத்துக்கொண்டாள். முதல் மார்க் வாங்கியே பழகிய பெண், விடுவாளா? மடமடவென்று எழுதினாள். அருள்ராஜ் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நம்புற மாதிரி இல்லையே. அங்க இல்லனா வேற எங்க சாப்ட்டிருப்பாங்க? கண்ணுல தெரியிற மாதிரி ஒரு இடம் போடு."

கண்ணில் தெரிகிற மாதிரி என்றதும் அவள் கண்ணில் தெரிந்தது ஒரே கடைதான். 'அடி அண்ணாமலையில் புளியமரத்தடியில் நீலத் தார்ப்பாய் கட்டிய இட்லிக்கடையில் சாப்பிட்டவர்களே பாதிக்கப்பட்டிருப்பது தெரியவந்துள்ளது' என்று எழுதினாள். மாதிரிதானே, பெயரும் இல்லையே! அந்தத் 'தெரியவந்துள்ளது' பிரமாதம் என்றார் அருள்ராஜ். மாலைவரை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கிரிவலக் கூட்டத்தால் ஆட்டோவைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தோடு நடந்தாள். முன்னால் போன ஒரு அம்மா தன் பிள்ளையை அதட்டினாள்.

"இட்லி கேட்ட, அடிச்சிடுவேன். நீலத் தார்ப்பாய் கடைல சாப்ட்டவங்கதான் ஆஸ்பத்திரில கெடக்குறாங்களாம். போன்ல வந்திருக்குது."

மணிமொழி கூட்டத்தைவிட்டு ஓரமாக ஒதுங்கினாள். அவசரமாகப் போனைத் திறந்தாள். நிருபர்கள் குழுவில் அவளுடைய வரிகள், ஒரு புள்ளி மாறாமல். வாந்தி நிஜம், ஆஸ்பத்திரி நிஜம். பொய்யென்று அதில் இருந்தது அவள் எழுதியது மட்டும்தான். பிறகு எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது.

தார்ப்பாய் கிழிந்து தொங்கியது. இட்லிக் குண்டான் நடுரோட்டில் கவிழ்ந்து கிடந்தது. சிந்திய மாவை மிதித்துக்கொண்டு ஜனங்கள் நடந்தார்கள். தருமன் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"யாரோ நாலு பேரு வந்தாங்கம்மா. எங்க ஆளுங்களுக்கு நீதான் விஷம் வெச்சனு எல்லாத்தையும் தள்ளிட்டாங்க. நம்ம கடைல சாப்ட்டு ஒருத்தர் இப்டி சொன்னதில்லையே" என்றவர், தன் போனை நீட்டினார். "இதப் படி. இன்னா அழகா எழுதிகிறான் பாரு. நானே நம்பிடுவேன்."

அவளால் அதை வாங்க முடியவில்லை. தள்ளிப் போய் அருள்ராஜைக் கூப்பிட்டாள்.

"சார், மாதிரினுதான சொன்னீங்க?"

"நல்லா இருந்துதும்மா. அதான் அப்டியே அனுப்பிட்டேன்."

"அது எங்கப்பா கடை சார்!"

மன்னிப்புக் கேட்பார், பதறுவார் என்று காத்திருந்தாள்.

"அடடா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே. பயப்படாத. கொஞ்ச நாள் போவட்டும். அப்பா கடையப் பத்தியும் நல்லதா ஒண்ணு போட்டுடலாம். நீயே எழுது. பைசா வேணாம், நீ நம்ம பொண்ணு."

நிஜமான பாசத்தோடுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். காலையில் அதே கடை இட்லியை ரசித்துத் தின்ற வாய் இது என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

போனை வைத்துவிட்டு, அதே குழுவுக்காக எழுத ஆரம்பித்தாள். முடித்ததும் அப்பாவிடம் நீட்டினாள். அவர் உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தார்.

'இட்லிக்கடை பற்றி மதியம் வந்த குறிப்பு பொய். அதை எழுதியவளே இதையும் எழுதுகிறேன். அந்தக் கடை இட்லியை இன்று காலை வயிறார உண்டவர், அந்தக் குறிப்பை வெளியிட்ட நிறுவனத்தின் உரிமையாளர் திரு. அருள்ராஜ். அவர் மாலைவரை பூரண நலத்துடன் இருப்பது தெரியவந்துள்ளது.'

தருமன் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அப்படி அவர் அவளைப் பார்த்ததே இல்லை.

"மதியம் எழுதினதும் நீயா?"

"நான்தாம்பா."

அவர் எழுந்து போய் ரோட்டில் கிடந்த குண்டானை நிமிர்த்தி வைத்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"கீழ பேரு இல்லையே."

'மணிமொழி, இட்லிக்கடை தருமன் மகள்' என்று சேர்த்து அவருக்குக் காட்டினாள். காலையில் சொல்லாதே என்றவர், இப்போது தலையை ஆட்டினார். அனுப்பினாள்.