சுற்றமும் நட்பும் சூழ

சகல குடும்பஸ்தர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், நாளுக்கு நாள் தளர்ந்துவரும் தமிழ்க் குடும்பம், வரும் ஞாயிறு காலை பாளையங்கோட்டைத் திருமண மண்டபம் ஒன்றில் கொள்கை அளவில் வலுப்படுத்தப்படும். மதிய உணவு உண்டு.

மாநாட்டு அழைப்பிதழை எழுதிய அச்சகத்து இசக்கிமுருகன் அதுவரை கல்யாணப் பத்திரிகை தவிர வேறெதையும் எழுதியவரில்லை. கை வழக்கப்படி ஓடி, 'தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து' என்று முடித்துவிட்டது.

மேலப்பாளையம் பள்ளி ஆசிரியை ஷஃபீகா கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அவள் கணவன் ஹசன் அலிக்கோ மாநாட்டுக்கு மறுநாள் சவூதியிலுள்ள தமாமுக்கு விமானம். திரும்பி வர இரண்டு வருஷமாகும். மிச்சமிருந்தது அந்த ஒரு ஞாயிறுதான்.

"சூழன்னு போட்டிருக்கே மச்சான், கிளம்புங்க" என்று அவனையும் மகள் ஸமீஹாவையும் கையோடு கூட்டி வந்தாள். வாசலில் அவளைப் போலவே அழைப்பிதழை நம்பிய குடும்பங்கள் பல.

அழைப்பிதழோடு வாசல் பொறுப்பும் தலையில் விழுந்திருந்த இசக்கிமுருகன் மறித்தார். "டீச்சர் மட்டும் உள்ள போங்க. குடும்பத்தையெல்லாம் வெளிய நிக்கச் சொல்லுதாவ."

"குடும்ப மாநாடுதான அண்ணாச்சி?"

"குடும்பத்தைப் பத்தித்தான். குடும்பம் வந்தா சத்தமா இருக்குமாம்."

உள்ளே, முப்பது வருஷமாக டெல்லியில் இருந்துகொண்டு குடும்பங்களை ஆராயும் அறிஞர் பேசிக்கொண்டிருந்தார். 'கணவன் வெளிநாட்டில்' என்ற கட்டம் திரையில் சிவப்பாக மின்னியது. ஷஃபீகா ஜன்னல் வழியே பார்த்தாள். அந்தக் கட்டம் மரத்தடியில் குந்தி, ஸமீஹாவுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது.

இவ்வளவு தெரிந்தவரின் குடும்பம் எப்படி இருக்கும்? அவளுக்கு அது தெரிந்தே ஆகவேண்டும் போலிருந்தது. கேள்வி நேரத்தில் எழுந்தாள்.

"ஐயா, உங்க வீட்டுல வரலியா?"

'வீட்டுல' என்றால் மனைவி என்பது டெல்லியில் மறந்துபோயிருந்தது. "வீட்டிலிருந்து எங்கேம்மா வர்றது? லாட்ஜிலிருந்துதான் வரேன்."

மண்டபமே சிரித்தது.

"அதில்லை ஐயா. உங்க சம்சாரம்."

அறிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது ஆய்வின் எல்லைக்குள் வராது."

ஷஃபீகா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"டீச்சர், சாயங்காலம் கையெழுத்து இருக்கு. போடலன்னா மெமோ குடுப்பாவ!"

"குடுக்கட்டும் அண்ணாச்சி. மெமோ எப்பவும் வரும், இவங்க வரமாட்டாங்கள்லா."

மூவரும் ஆற்றுப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினார்கள். மண்டபத்து ஜன்னல் வழியே அதைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் பைய எழுந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமையைக் குடும்பத்தோடு கழிக்கவேண்டும் என்ற தீர்மானம் அன்று மாலை ஏகமனதாக நிறைவேறியது. அப்போது மண்டபத்தில் இருந்தவர் அறிஞர் மட்டுமே.