இருநூற்றைம்பத்தாறு வளையங்கள்

ஆய்வகக் கதவு திறக்க ஒன்பது மணியாகும். சம்பூர்ணம் எட்டரைக்கே வந்து காத்திருந்தாள். ஆண்டிமடத்திலிருந்து பஸ் மாறி அரியலூர்க் கல்லூரிக்கு வருவதில் அவளுக்கு அலுப்பே இல்லை. இருபது வருஷம் முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைத்துப் பருப்புத் தோலுரித்தவள். இங்கே பதினைந்து நாள் தினக்கூலி. பேராசிரியர் அறிவரசன் சாரின் ஆண்டெனாப் பலகை வெள்ளிக்கிழமைக்குள் வேலை செய்துவிட்டால் ஆய்வக உதவியாளர், மாதச் சம்பளம். 2006-இல் கல்லூரி முதல்வரே தன் வாயால் சொன்னது.

சோற்றுத் தட்டு அகலப் பலகை. அதில் மிளகளவு செப்பு வளையங்கள் இருநூற்றைம்பத்தாறு. செயற்கைக்கோளைப் பிடிக்க இனிக் குடை ஆண்டெனாவைத் திருப்ப வேண்டாம், பலகை கிடந்த இடத்திலேயே கிடக்கும், அலை மட்டும் திரும்பும் என்பார் சார். செப்புத் தகட்டை அரித்த அமிலம் விட்டுவைத்த பிசிறுகளை லென்ஸ் வழியாகப் பார்த்துத் தோலுரிக்கும் கத்தியால் சுரண்டுவது அவள் வேலை.

சார் இரண்டு நாள் திருச்சிக்குப் போய்விட்டு வியாழக்கிழமை வந்து பலகையை அலை அளக்கும் கருவியோடு இணைத்தார். திரையில் கோடு படுத்தே கிடந்தது. ஒயர்களைக் கழற்றி மாட்டினார். கடைசியில் லென்ஸை எடுத்தார்.

"வளையத்துல இருந்த பிளவையெல்லாம் யாரு அடைச்சது?"

"நாந்தான் சார்," என்றாள் பெருமையாக. "ஒண்ணுகூட முழுசா இல்லீங்க, அத்தனையும் ஒடசல். நீங்க பாத்தா மனசு கஷ்டப்படுமேன்னு ரெண்டு நாளா ஒக்காந்து ஈயத்த வச்சுப் பத்த வச்சேன்."

அறிவரசன் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். "ஒடசலா இருந்தாத்தாங்க்கா அது வேல செய்யும்!"

சம்பூர்ணம் கத்தியை எடுத்தாள். "நாளைக்குள்ள தொறந்துடறேன் சார்," என்று உட்கார்ந்தவள், வெள்ளி மதியம்தான் எழுந்தாள். அமிலம் போட்டதைவிட மெல்லிய பிளவுகள், ஒவ்வொன்றும் மயிரிழை.

மொட்டைமாடியில் பலகையை வைத்து இணைத்ததும் திரையில் கோடு விருட்டென்று எழுந்தது. மாணவர்கள் விசிலடித்தார்கள். "ஏறுது சார், ஏறுது!" என்று எல்லோரையும்விட அவள்தான் உரக்கக் கத்தினாள். சந்தோஷத்தில் கண்ணீர் வந்துவிட்டது. சார் கையோடு அவளை அலுவலகத்துக்கு அழைத்துப்போய் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

குமாஸ்தா சின்னதுரை புது வருகைப்பதிவு மெஷினைத் திருப்பி வைத்தார். "கட்டவெரல வைங்கம்மா."

சிவப்பு விளக்கு எரிந்தது.

"அடுத்தது."

பத்து விரலும் முடிந்தது. சின்னதுரை அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். முந்திரிக் கொட்டையின் எண்ணெய் அரித்து அரித்து விரல்நுனிகள் வழுவழுவென்றிருந்தன.

"ரேகையே இல்லியேம்மா! மெஷின் எடுக்காம மாசச் சம்பளத்துல பேரு ஏறாது."

"மைசூர்பாகு நெய்யிங்க, தொடச்சுட்டு வைக்கிறேன்," என்று சிரித்தபடி முந்தானையில் விரலைத் தேய்த்துவிட்டு வைத்தாள். சிவப்பு. இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.