இரண்டாவது விரலுறை

"உங்க வீட்டம்மா எதுக்கு டாக்டர் ஒவ்வொரு போட்டியிலயும் உங்க முதுகுக்குப் பின்னாடியே நிக்கறாங்க?"

"அவளா? தனியா இருந்தா போரடிக்கும்னு வந்துடறா. எண்ணெய்த் துணி பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்ல?"

"இந்த வருஷம் புது விதி போட்டிருக்கோம். கயித்துக்குள்ள ஓட்டறவர் ஒருத்தர்தான். போன தடவை ஒருத்தரோட சட்டையை விசிறி இழுத்துடுச்சு பாருங்க, அதான்."

"தாராளமா போடுங்க. அவ வெளிய நிப்பா. இஞ்சினைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?"

பல் சுத்தம் செய்துகொள்ள வந்த பழைய இஞ்சின் சங்கத்தின் செயலாளரும், பல் டாக்டரான அவள் கணவரும் இப்படிப் பேசி ஒன்பது நாளாகிறது. மருத்துவ அறைக்குப் பின்னால் அவள் பல் செட் கட்டும் அறை. நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. ஒரு மேல் வரிசைப் பல் செட்டுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தவள், மிஷினை அந்த நிமிஷம் பார்த்துத்தான் நிறுத்தியிருந்தாள். காதில் செருகியிருந்த பஞ்சை எடுத்ததும் முதலில் வந்து விழுந்தது இந்தப் பேச்சுதான்.

ஒன்பது நாளும் அவள் சண்டை போடவில்லை. அவரோடு சண்டை போடுவதில் ஒரு தொல்லை இருந்தது. எதைச் சொன்னாலும் "என்ன?" என்பார். இரண்டாம் தடவை சொன்னால் "என்னது?" என்பார். மூன்றாம் தடவை சொல்வதற்குள் கோபம் ஆறின கஞ்சியாகிவிடும். "உங்களுக்குக் காது மந்தமாயிடுச்சு" என்றாலோ, "நீதான் முணுமுணுக்கறே" என்று பழியைத் திருப்பிவிடுவார். முப்பது வருஷம் பல் துளைக்கும் கருவியின் கீச்சொலி, அதற்கு மேல் இந்த இஞ்சின்களின் அலறல். பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொன்னபோதெல்லாம் சிரித்தவர் அவர்.

வீட்டு அலமாரியில் நாற்பத்திரண்டு இஞ்சின்கள் இருந்தன. பொம்மை விமானங்களுக்காக, அவர்கள் இருவரும் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்டவை. உள்ளங்கைக்குள் அடங்கும். விமானம் என்று ஒன்றுகூட வீட்டில் கிடையாது.

"பறக்க விமானம் இல்லாம இஞ்சினை மட்டும் வெச்சு என்னடி பண்றார் உன் வீட்டுக்காரர்?" என்று அவள் அக்கா ஒருமுறை கேட்டாள். "பல்லே இல்லாதவன் பிரஷ் வாங்கின கதையால்ல இருக்கு!"

"ஓட விட்டுச் சத்தம் கேக்கறதுக்குக்கா" என்றாள் இவள்.

அதுதான் உண்மை. அந்தச் சத்தம் அவளையும் பிடித்துக்கொண்டது. இந்த வகை இஞ்சினுக்குத் தீப்பொறியும் கிடையாது, ஸ்விட்சும் கிடையாது. ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றி, விசிறியை விரலால் சுண்டிவிட வேண்டும். தலையில் ஒரு திருகு. அதை இறுக்கினால் உள்ளே அழுத்தம் கூடும், தளர்த்தினால் குறையும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைக் காதுதான் சொல்லும்.

யார் இஞ்சின் அதிக வேகத்தில் சுற்றுகிறது என்று சங்கம் வருஷாவருஷம் போட்டி வைக்கும். ஆறு வருஷத்துக்கு முன் அப்படி ஒரு போட்டியில், திருகு அதிகமாகி ஓர் இஞ்சின் திணறுவதை அவள் கேட்டாள். அவர் கேட்கவில்லை. பின்னால் நின்றவள் யோசிக்காமல் அவர் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். அவர் தளர்த்தினார். இஞ்சின் கணீரென்று பாடியது. அன்றிலிருந்து ஒரு தட்டு என்றால் தளர்த்து, இரண்டு என்றால் இறுக்கு. இதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. நான்கு கோப்பைகள் வீட்டுக்கு வந்தன. நான்கிலும் அவர் பெயர். துணி பிடித்தவளுக்கு யார் கோப்பை கொடுப்பார்கள்?

இந்த வருஷம் அவர் ஓட்டப்போவது நாற்பத்திரண்டாவது இஞ்சின். பழைய சாமான் பெட்டி ஒன்றின் அடியில் அதைக் கண்டெடுத்தவள் அவள். எண்ணெய் காய்ந்து கோந்தாகி, பிஸ்டன் அசையாமல் கிடந்தது. "இது தேறாது" என்று அவர் கைவிட்ட பிறகு, பல் செட் வேகவைக்கும் தொட்டியில் இரண்டு நாள் போட்டுச் சுடவைத்து, கட்டைவிரலால் மயிரிழை மயிரிழையாக நகர்த்தி விடுவித்தவளும் அவள்தான். அதன் பிஸ்டனும் குழலும் ஒன்றுக்கொன்று இழைத்துச் சேர்த்த ஜோடி. ஒன்று போனால் இன்னொன்று எங்கும் கிடைக்காது.

பிஸ்டன் அசைந்த அன்று "நான் ஒரு தடவை சுண்டிப் பார்க்கட்டுமா?" என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கையை நீட்டியதுமே அவர் முந்திக்கொண்டார்: "ஐயோ, விரல் போயிடும்! உன் விரல்தானே பல் செட் கட்டுது!" அவர் விரலுக்கு மட்டும் ஆபத்தில்லையாக்கும். ஆபத்து ஏன் வரப்போகிறது? பல்லுக்கு அச்சு எடுக்கும் மாவில் அவர் விரலுக்கு அச்சு எடுத்து, அளவாக ரப்பர் உறை வார்த்துக் கொடுத்திருந்தாளே அவள்! அந்த வாரமே மிச்ச ரப்பரில் இரண்டாவது உறை ஒன்று வார்த்தாள், தன் விரல் அளவுக்கு. இரண்டு வருஷமாக அது அவள் கைப்பையில், மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வெளியே எடுத்ததில்லை.

போட்டி நாள் காலை. சங்கக் கூடத்தின் பின்முற்றத்தில் மரமேடை, அதைச் சுற்றி இடுப்புயரத்துக்குப் புதுக் கயிறு. காற்றில் ஈதர் வாடை. அவள் கயிற்றுக்கு வெளியே போய் நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க மேடம், விதின்னா விதிதான்" என்றார் செயலாளர்.

"எனக்கென்ன கோவம்? எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

செயலாளருக்கு அது உறைக்கவில்லை. பக்கத்தில் நின்ற, லாரிப் பட்டறை வைத்திருக்கும் உறுப்பினர் மட்டும் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

கணவர் விரலுறையை மாட்டிக்கொண்டு சுண்டினார். நான்காம் சுண்டலில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. குளிர்ந்த இஞ்சினுக்குத் திருகு சற்று இறுக்கமாக இருக்க வேண்டும். சூடேறியதும் தளர்த்த வேண்டும். சூடேறியது. அவர் தளர்த்தவில்லை. உச்சியில் மெலிதாக ஒரு கடகடப்பு தொடங்கியது.

அவர் வலது தோள் ஓரங்குலம் பின்னுக்குச் சாய்ந்தது. முதுகு விரலைத் தேடியது.

'இப்ப மட்டும் தேடுதோ?' அவள் கையைக் கைப்பைக்குள் விட்டுக்கொண்டாள். 'துணிகிட்ட கேளுங்க, சொல்லும்.'

தட்டு வரவில்லை. அவர் தாமே முடிவெடுத்து, திருகை இன்னும் கால் சுற்று இறுக்கினார். கடகடப்பு சம்மட்டியடியாக மாறியது. வேகம் இறங்கியது. வெளியே தெறித்த எண்ணெய் தேன் நிறம் மாறிக் கறுத்தது. அவள் பைக்குள் விரலுறையை நசுக்கிப் பிடித்திருந்தாள். அவர் தோற்றால் தோற்கட்டும், நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் அந்த இஞ்சின் என்ன பாவம் செய்தது? இரண்டு நாள் வெந்நீரில் கிடந்து உயிர் பிழைத்தது, இந்த மனுஷரின் வீம்புக்குச் சாகவா?

குனிந்து கயிற்றுக்குள் நுழைந்தாள்.

"மேடம்! மேடம், விதி!"

"உங்க விதியை மடிச்சுப் பையில வெச்சுக்கோங்க!"

நேரே மேடைக்குப் போய், எரிபொருள் குழாயை இரண்டு விரலால் நசுக்கினாள். இஞ்சின் இரண்டு முறை இருமி நின்றது. அது நின்றதும் முதல் வேலையாக விசிறியை மெல்லத் திருப்பிப் பார்த்தாள். முதலில் முரண்டு பிடித்தது, பிறகு வழுக்கிக்கொண்டு சுற்றியது. பிஸ்டன் பிழைத்தது.

"ஏன் நிறுத்தினே?" என்று கணவர் கத்தினார். "நல்லாத்தானே ஓடிட்டிருந்தது!"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். லாரிப் பட்டறைக்காரர்தான் தயங்கிக் கேட்டார்.

"டாக்டர், அது அடிச்சுக்கிட்ட சத்தம் நிஜமாவே உங்களுக்குக் கேக்கலையா?"

"எந்தச் சத்தம்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு சமாதானத்துக்கு வந்தார்.

"பரவால்ல, பரவால்ல. சூடு ஆறட்டும், இன்னொரு வாய்ப்பு தர்றோம். துணி பிடிக்க மேடமும் உள்ள நிக்கட்டும். விதியைக் கொஞ்சம் தளர்த்திக்கலாம்."

"துணியா?" அவள் திரும்பிய வேகத்தில் செயலாளர் ஓரடி பின்வாங்கினார். "ஆறு வருஷமா என் கையில துணியைப் பார்த்தீங்களா நீங்க? இவர் முதுகுலதான் என் விரல் இருந்தது. ஒரு தட்டு தட்டினா தளர்த்துவார், ரெண்டு தட்டினா இறுக்குவார். அந்த நாலு கோப்பையும் என் காது வாங்கினது. பிடிக்கறதாம் துணி!"

"அதுவும் சரிதான்" என்று லாரிப் பட்டறைக்காரர் தமக்குள் சொல்லிக்கொண்டார். "நானும் மனுஷன் முதுகுக்கு என்ன அரிப்புன்னு நெனச்சேன்."

யாரோ சிரித்தார்கள். கணவர் சிரிக்கவில்லை. குனிந்து, இஞ்சினிலிருந்து வழிந்த கறுப்பு எண்ணெயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கட்டும் என்று நினைத்து, முற்றம் முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னார்.

"உன்னைப் பத்தி இவங்ககிட்ட நான் சொல்லியிருக்கணும். தப்புதான். அப்புறம் பேசிக்கலாம்மா. இப்ப எப்பவும் போல பின்னாடி நின்னு தட்டு. போதும், ஜெயிச்சுடலாம்."

எப்பவும் போல. அவள் அவர் முதுகைப் பார்த்தாள். ஆறு வருஷம் பார்த்த அதே முதுகு. அவர் திரும்பி நின்றே விட்டார், தட்டு வரும் என்ற நம்பிக்கையில்.

அவள் பையைத் திறந்தாள். இரண்டாவது விரலுறையை எடுத்து விரலில் மாட்டினாள். அச்சு எடுத்து வார்த்ததல்லவா, அம்சமாகப் பொருந்தியது. முதுகில் தட்டாமல், தோளைப் பிடித்து அவரைத் தன் பக்கம் திருப்பினாள். "என்ன?" என்று அவர் கேட்க வழி வைக்காமல், ஒரே தடவையில் காதில் விழும்படி உரக்கச் சொன்னாள்.

"இந்தத் தடவை நான் ஓட்டறேன், விடுங்க. நீங்க கயித்துக்கு வெளிய போய் நில்லுங்க."