மூத்தவளின் பத்தி

மருமகன் மூன்றாவது மணியிலேயே போனை எடுத்துவிட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், காலை பதினொரு மணி. விடுமுறைக்கு வந்திருந்த மகள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்; தண்ணீர்ச் சத்தம் கூடம்வரை கேட்டது. அது ஓய்வதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தாள். இரண்டே கேள்விகள்தான். வேலை இருக்கிறது, இருபத்தைந்தாம் தேதி வந்துவிடுவார் என்று மகள் சொல்லியிருந்தாளே, அது காலையிலா மாலையிலா. வருகிற வழியில் கேக் வாங்கிவர முடியுமா.

மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவ சொல்லலையா அத்தை?" என்றார்.

அம்மா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். முப்பத்தொரு வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவள். மறுமுனை மௌனங்களில் அவளுக்குத் தரம் பிரிக்கத் தெரியும். லைன் அறுந்துபோன மௌனம் வேறு, ஆள் வார்த்தை தேடுகிற மௌனம் வேறு.

"வீடு மாறினது அவளும் பாப்பாவும் மட்டும்தான். நான் பழைய வீட்டுலதான் இருக்கேன். சண்டை கிண்டை எல்லாம் இல்ல. ரெண்டு பேரும் உக்காந்து பேசித்தான் முடிவு பண்ணோம்." பிறகு பேச்சை மாற்றினார். "உங்க லெட்டர் வந்துச்சு அத்தை. படிச்சேன். எப்பவும்போல நல்லா எழுதியிருந்தீங்க."

குத்தலாகச் சொல்லியிருந்தால் தேவலை. மனிதர் மரியாதையாகத்தான் சொன்னார். குளியலறையில் தண்ணீர் நின்றது. "சரி, உடம்பைப் பாத்துக்கோங்க" என்று அம்மா ரிசீவரை வைத்தாள்.

அந்த லெட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருடங்களாக டிசம்பர் முதல் வாரத்தில் அம்மா ஒரு குடும்பக் கடிதம் எழுதுகிறாள். ஒரே தாள், இரண்டு பக்கம், மேலே குடும்பப் படம். அறுபது பிரதிகள் எடுத்து, விடுமுறை தொடங்குமுன் உறவுக்காரர்கள் கைக்குப் போய்ச் சேரும்படி தபாலில் போட்டுவிடுவாள். வீட்டில் ஆளுக்கொரு பத்தி. யார் என்ன படித்தார்கள், எங்கே வேலை, யாருக்கு என்ன அறுவை சிகிச்சை, என்ன பதவி உயர்வு. மிகைப்படுத்த மாட்டாள். பொய் எழுத மாட்டாள். சொல்லத் தேவையில்லாததை எழுதாமல் விடுவாள், அவ்வளவுதான். கௌரவம் என்பது வெறும் மேல்பூச்சு என்று சிலர் பேசுகிறார்கள். அதைக் காப்பாற்ற ஒரு நாளாவது பாடுபட்டிருந்தால் அப்படிப் பேச வாய் வராது. கணவருக்கு இரண்டு வருடம் வேலை இல்லாமல் போனபோதுகூட அந்தக் கடிதம் தலை நிமிர்ந்துதான் போயிற்று.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நாத்தனார் சாப்பிட வருவாள். சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் கூடத்தில் உட்கார, அவரவர் பத்தியை அவரவரே எழுந்து நின்று வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்த காலத்தில் பழக்கத்துக்காகத் தொடங்கியது. பிள்ளைகளுக்கு நாற்பது நெருங்கியும் நிற்கவில்லை. இந்த வருடத்துத் தாளில் மூத்தவளின் பத்தி இப்படி இருந்தது: "மூத்தவளும் மருமகனும் இந்த மாதம் பெரிய வீட்டுக்குக் குடிபெயர்ந்திருக்கிறார்கள். பேத்தியின் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே. மூவரும் நலம்."

யோசித்துப் பார்த்தால் அதை எழுதவைத்தது ஒரு ஐந்து நிமிடப் பேச்சு. நவம்பரில் ஒரு நாள் மகள் போன் செய்து, வீடு மாறும் விஷயத்தைச் சொன்னாள். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. எத்தனை அறை, வெளிச்சம் உண்டா, தண்ணீர் எப்படி, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். மகள் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள், அறைகளைத் தவிர. அறையைப் பற்றி, "பாக்கலாம்மா" என்றாள். இருக்கிற வீட்டைவிடச் சின்ன வீட்டுக்கு யாராவது போவார்களா? அம்மா தானாகவே 'பெரிய' என்று போட்டுக்கொண்டாள்.

மருமகனோடு பேசிய அன்று பகல் முழுக்க அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது தெரிந்திருக்காது. கேக்குக்கு இளைய மகனை அனுப்பினாள். திரைச்சீலை மாற்றினாள். கணவர் நாற்காலிமேல் ஏறி வண்ண விளக்குச் சரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பாதிச் சரம் எரிந்தது, பாதி எரியவில்லை. முட்டியில் அறுவை செய்துகொண்ட மனிதர் ஏறுகிற உயரமா அது என்று அவரைத் திட்டி இறக்கினாள். அவரிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவரிடம் சொல்வதும் அவருடைய அக்காவிடம் சொல்வதும் ஒன்றுதான். நடுவில் ஒரு போன் தூரம்தான் வித்தியாசம். சொல்லவில்லை.

மகளிடம் கேட்டிருக்கலாம். அதுதான் நியாயம். ஆனால் அம்மா வேலை பார்த்த இடத்தின் முதல் பாடமே வேறு. காதில் விழுந்தது விழுந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. ஊரார் குடும்பமெல்லாம் அவள் காது வழியாகத்தான் போய் வந்தது. சாவு, கல்யாண முறிவு, கைவிட்டுப் போன பிள்ளைகள், எல்லாமே. ஒரு வார்த்தையைக்கூட அவள் வெளியே கொண்டுபோனதில்லை. கேட்டதைத் தோழியிடம் சொன்ன ஒரு சின்னப் பெண்ணை அவளே மேலிடத்துக்கு எழுதிக்கொடுத்து வேலையிலிருந்து அனுப்பியிருக்கிறாள். அந்தப் பெண் அழுதுகொண்டு போனதில் அவளுக்கு வருத்தம் இருந்தது, சந்தேகம் இருக்கவில்லை. அதே பாடத்தைத்தான் தன் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தாள். வீட்டு விஷயம் கேட்டைத் தாண்டக் கூடாது. மூத்தவளுக்கு அது நன்றாகவே பிடிபட்டது. கல்லூரியில் முதல் வருடம் தோற்றதை இரண்டு மாதம் மூச்சுக் காட்டாமல் வைத்திருந்து, மறுபடி எழுதித் தேறிய பிறகே சொன்னாள். அப்போது அம்மாவுக்குப் பெருமையாக இருந்தது. கேட்டைத் தாண்டிப் போகாத விஷயம் வாசற்படி தாண்டித் தன்னிடமும் வராது என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லையாம் என்று மகள் சொன்னாள். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பாவம், இந்த நாள்லயுமா" என்று கணவர் வருத்தப்பட்டார். அம்மா குழம்பை நகர்த்தி வைத்தாள்.

மத்தியானம் மாடியில் துணி காயப்போடும்போது இருவரும் தனியாக இருந்தார்கள். கொடிக்கு அந்தப் பக்கம் மகள், இந்தப் பக்கம் அம்மா, நடுவில் ஈரப் போர்வை. "அம்மா, உங்கிட்ட ஒண்ணு..." என்று மகள் ஆரம்பித்தாள்.  அம்மா இதற்காகத்தானே காத்திருந்தாள். ஆனால் வாய் என்ன சொல்லிற்று? "அந்தத் துண்டை நல்லா உதறிப் போடு, சுருக்கம் விழுது." மகள் துண்டை உதறினாள். இரண்டு முறை உதறினாள். போர்வை காற்றில் உப்பி இறங்கியபோது மகள் காலியான வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப்போயிருந்தாள்.

மறுநாள் காலையில் அம்மா தன்னால் முடிந்ததைச் செய்தாள். மீந்திருந்த நான்கு பிரதிகளையும் அலமாரியில் புடவைகளுக்கு அடியில் தள்ளிவிட்டு, கடிதம் எல்லாம் தீர்ந்துபோயிற்று, இந்த வருடம் படிப்பு வேண்டாம், சும்மா பேசிக்கொண்டிருக்கலாம் என்று அறிவித்தாள். இளையவன்தான் முதலில் சந்தோஷப்பட்டான். நாற்காலி முதுகைத் தட்டி, "முப்பத்தஞ்சு வயசுல எனக்கு விடுதலை" என்றான்.

நாத்தனார் பன்னிரண்டு மணிக்கு வந்தாள். பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை டிரைவர் தூக்கிவந்து கூடத்தில் வைத்தார். சாப்பாடு ஆயிற்று. தாள் தீர்ந்த கதையை அம்மா சொன்னதும் நாத்தனார் கைப்பையைத் திறந்தாள். ப்ளாஸ்டிக் உறையில், மடிப்புக்கூட விழாமல், அவளுடைய பிரதி இருந்தது.

"முப்பது வருஷத்து லெட்டரும் ஃபைல் போட்டு வச்சிருக்கேன். என் பிள்ளைங்க ஒரு வரி எழுத மாட்டாங்க, இந்த வீட்டைப் பாத்துக் கத்துக்கோங்கடான்னு காட்டுவேன்" என்றாள். அதில் பொய் இல்லை. நாத்தனார் வாய் நீளமானவள், ஆனால் இந்த ஒன்றில் அவளுக்கு உண்மையான மதிப்பு உண்டு. அதுதான் அம்மாவைக் கட்டிப்போட்டது.

கணவர் முட்டியைப் பற்றிய தன் பத்தியை முட்டியைத் தடவிக்கொண்டே படித்தார். இளையவன் பத்தியில் 'தகுந்த இடத்தில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்ற வரி ஆறாவது வருடமாக மாறாமல் இருந்தது. அதை அவன் செய்தி வாசிப்பவர் குரலில் படித்தான். "இடம் தகுந்ததாத்தான்டா இருக்கு, மாப்பிள்ளைதான் தகுதியில்ல" என்றாள் நாத்தனார். எல்லோரும் சிரித்தார்கள். தாள் மூத்தவளின் கைக்குப் போயிற்று.

அவள் எழுந்து நின்றாள். முதுகு நேராக, தாளை மார்புக்கு நேராகப் பிடித்து, எட்டு வயதில் அம்மா நிற்கக் கற்றுக்கொடுத்தது போலவே. முதல் சொல்லைச் சொல்லுமுன் தாளிலிருந்து கண்ணை எடுத்து அம்மாவைப் பார்த்தாள். சின்ன வயதில் புரியாத சொல் வந்தால் அப்படிப் பார்ப்பாள். அம்மா தலையை அசைத்தாலே போதும். 'விடு, வேண்டாம்' என்று ஒரு வார்த்தை. அறை முழுக்க அவளுக்காகக் காத்திருந்தது. நாத்தனார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு காதைக் கொடுத்தாள்.

"படி" என்றாள் அம்மா.

மகள் படித்தாள். ஒரு சொல் தடுக்கவில்லை. 'மருமகனும்' என்று வந்தபோது தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த குழந்தை, ஆறு வயதுக் குழந்தை, சட்டென்று நிமிர்ந்து பார்த்தது. மகள் படிப்பதை நிறுத்தாமல் மறு கையை அதன் உச்சியில் வைத்தாள். குழந்தை வாயைத் திறக்கவில்லை. மறுபடி குனிந்து, வரைந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வண்ணம் தீட்டத் தொடங்கியது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் அதற்கு? அம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"மூவரும் நலம்" என்று முடித்து மகள் உட்கார்ந்தாள். நாத்தனார் கைதட்டிவிட்டு அட்டைப்பெட்டியைக் காட்டினாள். பன்னிரண்டு பேருக்கான சாப்பாட்டுத் தட்டு செட், பீங்கான், புது வீட்டுக்கு. "பெரிய வீடுன்னா நாலு பேர் வருவாங்க போவாங்க. எத்தனை ரூம்டி?"

"எங்களுக்குப் போதும் அத்தை" என்றாள் மகள்.

நாத்தனார் கிளம்பிப்போன பிறகு மகள் சமையலறையில் பாத்திரம் தேய்த்தாள். அம்மா பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினாள். குழாயை நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமலே மகள் பேசினாள்.

"நீ போன் பண்ணின அன்னைக்கே அவர் மெசேஜ் போட்டுட்டார்மா. உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நீயா கேப்பேன்னு பாத்தேன்." கொஞ்சம் பொறுத்து, "இன்னைக்கு நீ படின்னு சொன்னதும் சரின்னுட்டேன். உனக்கு அது வேணும்போலன்னு" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. அம்மாவுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. எனக்கு அது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். உன்னை நிறுத்தச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வேறு வார்த்தை வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அது முழு உண்மை இல்லை. வேண்டித்தான் இருந்தது. முப்பது வருடமாக வேண்டித்தான் இருந்தது. கையிலிருந்த தட்டு எப்போதோ காய்ந்துவிட்டது.

"கோழி மிச்சம் இருக்கு. நாளைக்குப் போறப்போ கட்டித் தரவா?" என்றாள்.

"நாளைக்கா போறேன்னு சொன்னேன்?"

மகள் சொல்லவில்லைதான். புது வருடம்வரை இருப்பதாகத்தான் வந்தாள்.  மகள் அம்மாவின் கையிலிருந்த தட்டை மெல்ல வாங்கி அடுக்கில் வைத்துவிட்டு, "சரிம்மா, நாளைக்கே கிளம்புறேன். வீட்டுல இன்னும் சாமான்கூடப் பிரிக்கல" என்றாள். அப்படிச் சொல்லவில்லை, இரு, என்று அம்மா சொல்லியும் பார்த்தாள். ஆனால் விருந்தாளியிடம் சொல்வதுபோல் அது வெளியே வந்தது.

மறுநாள் காலை எட்டரைக்குக் கார் கேட்டுக்கு முன்னால் நின்றது. இளையவன் பைகளை அடுக்கினான். பின்சீட்டில் குழந்தையும் அதன் போர்வையும். டிக்கி நிறைந்துவிட்டது, அட்டைப்பெட்டிக்கு இடம் இல்லை. மகள் முன்கதவைத் திறந்து, மருமகன் எப்போதும் உட்கார்ந்து வருகிற சீட்டில் அதை வைத்தாள். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் வண்டி கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"என்னது அது?" என்றார் கணவர்.

"வெயிட் இருக்குல்லப்பா. ஆள் உக்காந்திருக்குன்னு நினைச்சுக்குது. பெல்ட் போடணும்."

மகள் அந்தப் பக்கம் எட்டுவதற்குள் அம்மா கேட்டைத் தாண்டி வந்து முன்கதவைத் திறந்தாள். குனிந்து, பெல்ட்டை இழுத்து, பெட்டியின் குறுக்கே கொண்டுபோனாள். பெல்ட்டின் கொக்கியைக் குத்த இடம் தெரியவில்லை.  வண்டி கத்திக்கொண்டே இருந்தது. மகள் உதவிக்கு வராமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரம்மா வாசலைப் பெருக்குவதை நிறுத்திவிட்டு நின்றாள். ஒரு வழியாக 'க்ளிக்' என்று சத்தம் கேட்டது. கீச்சல் அடங்கியது. அம்மா நிமிரவில்லை. பெட்டி ஆடாமல் இருக்கிறதா என்று பார்ப்பவள்போல, அட்டையின் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தியபடி, பாதி உடம்பு காருக்குள்ளும் பாதி வெளியிலுமாக அப்படியே நின்றாள்.