நசுங்கத் தெரிந்த விண்கலம்

நான் கட்டிய விண்கலம் ஆகாயத்திலிருந்து விழுந்து, தரையில் மோதி, உருத்தெரியாமல் நசுங்கியது. அதில் வந்த பயணி ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே வந்து அப்போதே வேலைக்குத் திரும்பினார். நீங்கள் நம்பாவிட்டால் பாதகமில்லை. கூடவே நின்ற என் சம்பந்தியே முதலில் நம்பவில்லை.

என் மகள் ஒரு வாரப் பத்திரிகையில் விண்வெளித் தொடர்கதை எழுதுகிறாள். போன வாரம் அவளுடைய கதாநாயகியின் கலம் ஏதோ ஒரு கிரகத்தை நோக்கி விழ ஆரம்பித்துவிட்டது. இந்த வேகத்தில் மோதினால் எலும்புகூட மிஞ்சாது என்று வாசகர்கள் எழுதித் தள்ளினார்கள். ஆசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்: கலம் தாங்கும் என்று இயந்திரம் தெரிந்த ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நாயகியோடு கதையும் இந்த வாரமே முடிந்தது. மகளுக்குச் சோறு இறங்கவில்லை.

நான் ஆயுசு முழுக்க லிஃப்ட் பழுது பார்த்தவன். என் கை பட்ட லிஃப்டில் மேலே போன கிழவர்கள் இளைஞர்களாக இறங்கி வந்ததுண்டு. ஆனால் பெற்ற அப்பன் சாட்சி செல்லாதாம். ஆகவே அவளுடைய மாமனாரை வரவழைத்தோம். தொழிற்சாலைகளில் கொதிகலன் சோதித்து ஓய்வு பெற்றவர். தம் நிழலைக்கூட இரண்டு முறை தட்டிப் பார்த்துத்தான் நம்புவார்.

சாப்பாட்டு மேசையில் அவர் வரைந்த கலம் முழங்கை கனத்துக்கு இரும்பு. கதவே இல்லை. கதவு வைத்தால் அங்கேதான் விரிசல் விடுமாம்.

"மாமா, அவ உள்ள எப்படிப் போவா?"

"முதல்ல உக்கார வெச்சிட்டு அப்புறம் வெல்டு பண்ணணும்மா."

"வெளிய வர்றது?"

"உள்ள பத்திரமாத்தானே இருக்கா, வெளிய எதுக்கு?"

என் கட்சி வேறு. வெளி ஓடு நசுங்கட்டும், நசுங்குவதுதான் அதன் வேலை. அறையை மட்டும் லிஃப்ட் கூண்டு மாதிரி உள்ளே தொங்கவிட்டால் போதும் என்றேன். சம்பந்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்றவர்கள் கத்தி தீட்டுவதற்குச் சமம் அது.

"விண்வெளியில மேல ஏது, கீழ ஏது சம்பந்தி? எதுலேர்ந்து தொங்கவிடுவீங்க?"

எனக்கு வாயடைத்துப் போனது. கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்த காட்சி என்று என் மனைவி இன்னொரு முறை டீ போட்டாள். அதைக் குடித்து முடித்ததும் புத்தி வந்தது: எல்லாப் பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டால்?

பெரிய எண்ணெய் டின் ஒன்றை எடுத்தோம். அதன் நடுவே ஒரு பிஸ்கட் டின்னைச் சைக்கிள் ட்யூப் கீற்றுகளால் எட்டுத் திசைக்கும் இழுத்துக் கட்டினோம். பயணியாக ஒரு முட்டையை வைக்கலாம் என்றேன். சம்பந்தி தலையை ஆட்டினார். அவர் தொழிலில் ஒரு வழக்கமாம்: கொதிகலன் தாங்கும் என்று கையெழுத்துப் போடுகிறவர், சோதனையின்போது அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். முட்டை உடைந்தால் இவருக்கு என்ன நஷ்டம்? தம் கண்ணாடியையே மடித்து பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினார். அது இல்லாவிட்டால் அவருக்கு யானையும் அலமாரியும் ஒன்றுதான்.

மொட்டை மாடியிலிருந்து கீழே போட்டேன். மூன்று மாடி. பக்கத்துக் கிரகத்துக்கே கேட்டிருக்கும்.

மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். எண்ணெய் டின் மிதிபட்ட காகிதக் கோப்பை மாதிரி கிடந்தது. தகரக் கத்திரியால் வெட்டி பிஸ்கட் டின்னை வெளியே எடுத்தேன். மகள் அதை வாங்கினாள். திறக்க அவளுக்குத் துணிவில்லை. சம்பந்திதான் திறந்தார். கண்ணாடியின் விளிம்பு, காது, மூக்குத்தண்டு என்று விரலாலேயே தடவினார். வெயிலுக்கு நேராகப் பிடித்துத் திருப்பினார். பிறகு மாட்டிக்கொண்டு நசுங்கிய டின்னைக் குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி டின்னைப் பார்த்தார்.

"விழுந்தத நான் சரியாப் பாக்கலம்மா," என்றார் மருமகளிடம். "ஆனா நடந்துச்சு. நான் கையெழுத்துப் போடறேன், நீ எழுது."