சமயபுரத்துக்கு நேர்ந்த முடி

அதை மலை என்று சொன்னால் திருச்சி மலைக்கோட்டை கோபித்துக்கொள்ளும். கனடாவில் மார்க்கம் என்ற ஊரைத் தாண்டி வடக்கே, ஒரு விவசாயி தன் மேட்டு நிலத்தில் மோட்டாரும் கயிறும் மாட்டி, குடும்பங்களுக்காக நடத்திய பனிச்சறுக்கு மேடு. டிக்கெட் மலிவு. அதனால்தான் அழகேசன் பார்க்டேல் வீட்டிலிருந்து வண்டியைக் கிளப்பினான்.

அவன் மனைவி சீதாவுக்குக் காலையிலிருந்தே பயம். ஐந்து வயது மகன் அப்புவின் தலைமுடிதான் காரணம். கைக்குழந்தையில் அம்மை போட்டு, பிழைப்பானா என்று ஆனபோது, சமயபுரத்து மாரியம்மனிடம் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்: முதல் முடி உனக்குத்தான், அதுவரை கத்தி படாது. அப்புறம் கனடா வந்துவிட்டார்கள். ஊர்ப் பயணம் தள்ளித் தள்ளிப் போனது. முடி தள்ளிப்போடுமா? அது பாட்டுக்கு வளர்ந்து இடுப்பைத் தொட்டது. பள்ளிக்கூடத்தில் பையனைப் பெண் பிள்ளைகள் வரிசையில் நிறுத்தினார்கள்.

"கத்தி பட்டா ஆத்தா ப்ளேன் ஏறி வந்துடுவாளா?" என்று அழகேசன் கேலி செய்வான். அவள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அம்மனிடம் விளையாடக் கூடாது.

மேட்டடியில், "பின்னலைக் கோட்டுக்குள்ள விட்டு ஜிப்பைப் போடு. கயிறு ஓடுற இடம்," என்றான் அவன். அவளும் விட்டாள். ஆனால் ஜிப்பின் பல்லில் இரண்டு மயிர் மாட்டியதும் பயந்துபோய், அவன் பார்க்காத நேரத்தில் பின்னலை வெளியே எடுத்துவிட்டாள்.

ஓடும் கயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டால் அது மேலே இழுத்துப் போகும். அழகேசன் முன்னால் போய்விட்டான். பின்னால் அப்பு, காலில் சறுக்குக் கட்டைகளோடு. சீதா வெறும் பூட்ஸோடு பக்கத்தில் நடந்தாள். பாதி வழியில் ஒரு பள்ளம். அப்பு அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பின்னல் சரிந்து கயிற்றில் விழுந்தது. முறுக்கிக்கொண்டே ஓடும் கயிறு அது. கண் மூடித் திறப்பதற்குள் பின்னலைச் சுற்றி இழுத்துவிட்டது.

அவள் போட்ட கூச்சலில் மோட்டார் நின்றது. அதுதான் வினையாகிப் போனது. பிடித்திருந்த மற்றவர்கள் எல்லோரும் நின்ற கயிற்றை விட்டுவிட, அவர்கள் பாரத்தால் பள்ளத்தில் தாழ்ந்திருந்த கயிறு விறைத்து எழும்பியது. முடியோடு அப்புவும் எழும்பினான். அவன் காலில் கட்டியிருந்த கட்டைகள் பனியை விட்டுத் தூக்கின.

சீதா பாய்ந்து அவன் தொடைகளைக் கட்டித் தூக்கிப் பிடித்தாள். பையன் அழவில்லை. அதுவே அவளுக்கு உயிர் போனது போலிருந்தது.

"அம்மா, விட்டுடாத," என்றான் மெதுவாக.

மோட்டார் பார்க்கிற ஆள் கத்தியோடு ஓடி வந்தார். பின்னலை வெட்டட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "நோ, நோ," என்றாள் சீதா. அவர் திகைத்து நின்றார். கத்தி பட்டால் பிள்ளையை அம்மன் எடுத்துக்கொள்வாள். படாவிட்டால் இங்கேயே, இந்தக் கண் முன்னாலேயே போய்விடுவான். அவளுடைய பூட்ஸ் வழுக்கியது. கை ஒரு விரற்கடை இறங்கியது. அப்புவின் புருவம் மேலே இழுபட்டு, கண்கள் மூட முடியாமல் விழித்தன.

"வெட்டு," என்றாள். தமிழில்தான் வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது.

பிள்ளை அவள்மேல் விழுந்தான். மூச்சு இருந்தது. அழுகை அப்புறம்தான் வந்தது. உருண்டு புரண்டு வந்து சேர்ந்த அழகேசன், கயிற்றில் தொங்கிய பின்னலையே பார்த்தான்.

"உள்ளதானே விடச் சொன்னேன்?"

"ஜிப்புல மாட்டுச்சு. நான்தான் வெளிய எடுத்தேன்."

அவன் குனிந்து அப்புவைத் தூக்கிக்கொண்டான். அந்த ஆள் பின்னலைப் பிரித்தெடுத்துக் கொடுத்தார். சீதா அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

திரும்பும் வழியெல்லாம் அவள் கை அப்புவின் நெற்றியிலேயே இருந்தது. சுடுகிறதா, சுடவில்லையா?

"ஆத்தா, உன் முடி உன்கிட்ட வந்து சேரும். ஒரு மயிர் குறையாது. இவனைக் கேக்காத," என்று முணுமுணுத்தாள். சொன்ன பிறகுதான் நினைவு வந்து திக்கென்றது. கயிற்றின் முறுக்கில் நாலைந்து மயிர் சிக்கி நின்றதை அவள் பார்த்திருந்தாள். இந்நேரம் அவை மேட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

"வண்டியத் திருப்புங்க. கயித்துல இன்னும் கொஞ்சம் இருக்கு."

அழகேசன் கண்ணாடியில் பிள்ளையைப் பார்த்தான். கேலி எதுவும் வரவில்லை. வண்டியைத் திருப்பினான்.